அவள் நம்பாத முகடு

மண் குவியல்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. முள்ளியவளையில் எங்கள் பக்கத்து வளவில் குழாய்க்கிணறு அடித்துக்கொண்டிருந்தார்கள். துளையிடும் லொறி காலையிலிருந்து ஒழுங்கையையே அதிரவைத்தது. பத்தடிக்கு ஒருமுறை துளையிலிருந்து வரும் தூளை மெசின்காரர் சவளால் அள்ளி வேலியோரம் வரிசையாகக் குவித்தார். முதலில் செம்மணல். அடுத்தது சாம்பல் நிறக் களி. அதற்கப்பால் கோதுமை மா மாதிரி வெள்ளைவெளேரென்று சுண்ணாம்புக்கல், குவியலுக்குப் பின் குவியல்.

நெடுங்கேணியில் என் மாமாவின் வளவில் இதே மாதிரி ஒரு மெசின் தொடங்கின கையோடு கருங்கல்லில் முட்டி நின்றது ஞாபகம் வந்தது. அங்கே கருங்கல் நிலத்துக்கு மேலேயே தலை நீட்டிக்கொண்டு கிடக்கிறது. இங்கே அதைக் காணவே இல்லை. அப்படியென்றால் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ அது சரிந்து கீழே போகிறது. அந்தச் சரிவின்மேல்தான் கோடிக்கணக்கான வருடங்களாக மண்ணும் சுண்ணாம்பும் படிந்து, வடக்கேயும் மேற்கேயும் போகப்போகத் தடித்து, மன்னார்க் கடலுக்கடியில் ஆழமான படுகையாகக் கிடக்கிறது. வாயு இருக்கிறது என்று தெரிந்தும் இன்னும் ஒருவரும் வெளியே எடுக்காத படுகை. அதன் கரை எங்கள் ஊருக்கடியால் போகிறது! உடனே என் கம்பஸ் தோழிக்குப் போன் எடுத்தேன்.

“எடியே, பக்கத்து வளவில கிணறு அடிக்க வெள்ளைச் சுண்ணாம்புத் தூளா வருது, கருங்கல்லைக் காணேல்ல. படுகையின்ர ஓரம் எங்கட வேலிக்குக் கீழால போகுது. குழாய்க்கிணறுகளை மட்டும் வச்சே அதைக் கீறிப்போடலாம். வீடு வீடாப் போய், கருங்கல் எத்தனை அடியில பட்டது எண்டு கேட்டாச் சரி!”

அந்தப் பக்கம் அவள் எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த வெள்ளைத் தூள் வேற என்னவா இருக்கலாமடி?”

இதுதான் அவள். இவ்வளவுதான் அவள் என்றும் சொல்லலாம். கம்பஸில் புவிச்சரிதவியல் படித்த நாலு வருடமும் இந்தக் கேள்வி என் பக்கத்துக் கதிரையில் இருந்தது. ஒருவர் கண்டுபிடித்தேன் என்று துள்ளினால், அவள் தலையை ஒரு பக்கம் சரித்து இதைக் கேட்பாள். நக்கலாக அல்ல; உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்பாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நக்கலாகக் கேட்டிருந்தால் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

விடுதியில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் எல்லாரும் டெங்கு என்று அலறுவோம். அவள் மட்டும், “நேற்று என்ன சாப்பிட்டனி?” என்று தொடங்குவாள். இன்னொருத்தியின் காதலன் மூன்று நாளாகப் போன் எடுக்கவில்லை என்றதும் நாங்கள் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டோம். அவள் அப்போதும் அதே கேள்வியைக் கேட்டாள். கடைசியில் அவனுடைய போன் கிணற்றுக்குள் விழுந்தது தெரியவந்தபோது எல்லாரும் அவளைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை ஒருமுறையாவது என் பக்கம் வராதா என்று நான் ஏங்கியிருக்கிறேன். நான் எல்லாவற்றையும் முதலில் சொல்பவள். முதலில் சொன்னவளை ஒருவரும் அப்படிப் பார்ப்பதில்லை.

அவளுடைய வீடு தர்மபுரத்தில். தாத்தா காலத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த குடும்பம். எங்களோடு கதைக்கும்போது எங்களைப் போலவே “ஓம்”, “எண்டு” என்பாள். வீட்டுப் படலையைத் தாண்டினதும் நாக்கு மாறிவிடும். முதல்தடவை நான் போனபோது அவளுடைய அப்பா கதிரையைத் துடைத்துப் போட்டு, “வாங்க புள்ள, ஒக்காருங்க. நீங்கதான் இவ கூட மண்ணு பாக்குற புள்ளயா?” என்றார். ஓமென்றேன். “நெசமாவே கடலுக்கடியில எண்ணெய் இருக்கா?” என்று கேட்டார். நான் உற்சாகமாகத் தொடங்கினேன். ஒரு காலத்தில் ஒன்றாய் இருந்த பெரிய கண்டம் கிழிந்தது, கிழிந்த விளிம்பு நெருப்புக் கக்காமல் மலை எழுப்பாமல் சத்தமில்லாமல் தாழ்ந்தது, அப்படித் தாழ்ந்த ஓரத்தில்தான் அடையல் படிந்து சேறு வெந்து எண்ணெயாகும், உலகத்தில் எத்தனையோ நாடுகள் இப்படியான ஓரங்களில்தான் எடுக்கின்றன என்று மூச்சுவிடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் மகளைப் பார்த்தார்.

“நீ என்னம்மா சொல்ற?”

“வாயு கொஞ்சம் இருக்குப்பா. எண்ணெய் தெரியாது.”

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். என் அரைமணி நேரத்தை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

திரும்பும்போது ஸ்கூட்டியின் பின்னாலிருந்து சொன்னாள். “எங்கட வீட்டில ஒண்டையும் உடன நம்பிறேல்லயடி. அப்பப்பாட்ட இதுதான் உங்கட இடம் எண்டு எத்தனை பேர் சொன்னவை தெரியுமே? ஒவ்வொரு தரமும் நம்பி வீடு கட்டி, ஒவ்வொரு தரமும் பெட்டி கட்டினவை.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தக் குணத்தின்மேல் நான் பொறாமைப்பட்டேன். அது வந்த வழியின்மேல் பொறாமைப்பட முடியவில்லை. ஆனாலும் பொறாமை குறையவில்லை. அதுவும் சரியில்லைத்தான்.

பெற்றோலுக்கு வரிசை நின்ற காலம் அது. கிழமைக்குக் கிடைக்கும் கொஞ்ச எண்ணெயை வைத்துத்தான் எங்கள் ஆய்வு. எண்ணெய் தேடுகிற பிள்ளைகள் எண்ணெய்க்கு வரிசையில் நிற்கிறார்கள் என்று ஊர் முழுக்கப் பகிடி. “பிள்ளையள், கண்டுபிடிச்சா முதல் போத்தல் எனக்கு!” என்று கடைக்காரர் தினமும் சொல்வார்.

அந்த நாட்களில் ஒரு காலை, எங்கள் வயற்பக்கத்து வாய்க்காலில் தண்ணீருக்கு மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதக்கிறது என்று செய்தி வந்தது. நாங்கள் போனபோது ஏற்கெனவே ஒரு சனக்கூட்டம். இரண்டு பேர் வெறும் பெற்றோல் கானோடு வந்து நின்றார்கள். வயற்காரர் என்னைக் கண்டதும் ஓடிவந்தார்.

“பிள்ளை, பாரன்! பெற்றோல்! நான் சொன்னனான் எல்லே, எங்கட மண்ணில இருக்கெண்டு!”

நீலமும் ஊதாவுமாக அது மின்னியது. எண்ணெய்க் கசிவைப் பற்றி நான் படித்ததெல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் எழும்பியது. நிலத்தின் ஆழத்திலிருந்து வெடிப்புகள் வழியாக மேலே வருவது, உலகத்தின் பெரிய எண்ணெய் வயல்கள் பல இப்படித்தான் முதலில் தெரிந்தது என்றெல்லாம் அங்கேயே கைகளை வீசி விளக்கத் தொடங்கிவிட்டேன். சனம் வாயைப் பிளந்து கேட்டது. எனக்கு அந்த நிமிடம் மிகவும் பிடித்திருந்தது.

அவள் ஒரு பூவரசங் குச்சியை முறித்தாள். வாய்க்கால் வரப்பில் குந்தியிருந்து படலத்தை மெல்லக் குத்தினாள். படலம் கண்ணாடித் துண்டுபோலச் சில்லுச்சில்லாக உடைந்தது. உடைந்த துண்டுகள் உடைந்தபடியே மிதந்தன.

“எண்ணெய் எண்டால் திரும்ப ஒட்டியிருக்கும்” என்றாள். “இது உடைஞ்சு கிடக்குது. இரும்பு, ஐயா. மண்ணில இருக்கிற இரும்பைக் கிருமி தின்னேக்க வாற படலம்.”

கானோடு வந்தவர்களில் ஒருவர், “நீ ஏன் பிள்ளை குத்தினனி? பேசாம விட்டிருந்தா நாளைக்கு வரைக்குமாவது இருந்திருக்கும்” என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வயற்காரர்கூடச் சிரித்தார். அவர்களுடைய ஆசையை உடைத்தவள் அவள். ஆனால் போகும்போது அவளுக்குத்தான் இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள், இரண்டாவதாக.

அந்தச் சோதனை எனக்கும் தெரியும். ஒரே வகுப்பில் ஒரே வாங்கிலிலிருந்து ஒரே நாளில் படித்தது. எனக்குக் குச்சி முறிக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

குழாய்க்கிணற்று ஆய்வில் நான்தான் முன்னால். எண்ணம் என்னுடையது, ஸ்கூட்டி என்னுடையது, பைலும் படமும் என்னுடையது. நான் படலையில் நின்று வணக்கம் சொல்லி, பைலைத் திறந்து, குழாய்க்கிணறோ வெட்டுக்கிணறோ எத்தனை அடி, கருங்கல் எத்தனை அடியில், தண்ணீர் நல்லதா உவரா என்று கேட்பேன். அவள் பின்னால் நின்று, “அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாறீங்களே?” என்று கேட்பாள். ஒவ்வொரு வீட்டிலும் கேட்டாள். வெயில் அப்படி என்று நானும் விட்டுவிட்டேன்.

சில கிழமைகளில் படத்தில் புள்ளிகள் நிறைந்தன. ஒரு பின்னேரம் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் சம ஆழக் கோடுகளைக் கீறினேன். வடக்கே போகப்போகக் கருங்கல் தாழ வேண்டும். பெரும்பாலும் தாழ்ந்தது. ஆனால் நடுவில், மீளக்குடியேறின கிராமங்கள் ஊடாக, ஒரு நீளமான துண்டில் கருங்கல் திடீரென்று மேலே வந்தது. முப்பதடி, இருபதடி, இருபத்தைந்து அடி. அதற்கு இருபக்கமும் ஆழம். படுகைக்குள் புதைந்த ஒரு முகடு! எண்ணெய் தேடுபவர்கள் இப்படியான முகடுகளைத்தான் தேடி அலைகிறார்கள். அடையல் அதன்மேல் வளைந்து கவியும்; கீழேயிருந்து வரும் வாயு அந்த வளைவுக்குள் மாட்டிக்கொள்ளும். கரையில் இப்படி ஒன்றிருந்தால் கடலுக்குள் அதன் தொடர்ச்சி எங்கே?

அந்த வருடம் கொழும்பில் ஒரு நிறுவனம் மன்னார்க் கடலில் முன்பு எடுத்த அதிர்வலைப் பதிவுகளைத் திரும்பவும் வாசிக்கப் போகிறது, எங்கள் கம்பஸிலிருந்து பயிற்சிக்கு ஒருவரை எடுக்கும் என்று எங்கள் விரிவுரையாளர் சேர் சொல்லியிருந்தார். ஒரேயொரு இடம். அலையைக் கடலடிக்கு அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்துப் பாறை அடுக்குகளைக் கோடு கோடாகப் பார்க்கிற அறை. அந்த அறையில் இருக்க வேண்டும் என்று நான் முதலாம் வருடத்திலிருந்து கனவு கண்டேன். அவளுக்கும் அது வேண்டும். அவள் அதை ஒருமுறை சாதாரணமாகச் சொன்னாள். நான் நூறுமுறை சொன்னேன். இப்போது என் கையில் ஒரு முகடு. இடம் எனக்குத்தான் என்று நினைத்தேன்.

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். “என்னத்துக்கு உந்தத் துள்ளல்? அந்தப் பிள்ளையைப் பார், எவ்வளவு ஆறுதலா இருக்குது.”

அவள் படத்தைப் பார்த்தபடி தலையைச் சரித்தாள். எனக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும்.

“கேளாத!” என்றேன். “இண்டைக்கு மட்டும் கேளாத.”

“சரி, கேக்கேல்ல. நாளைக்கு அந்தத் துண்டுக்குள்ள ஒரு வீட்டுக்கு மட்டும் திரும்பப் போவம். பைல் வேண்டாம்.”

அடுத்த நாள் போனோம். கருங்கல் இருபதடியில், தண்ணீர் ஒரே உவர் என்று சொன்ன வீடு. அந்த அக்கா முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். என் தோழி வழக்கம்போலத் தண்ணீர் கேட்டாள். அக்கா செம்பை எடுத்து அதே வெட்டுக்கிணற்றில் அள்ளிக் கொடுத்தார். அவள் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். குடித்தேன். உவர் இல்லை. நல்ல, குளிர்ந்த, இனிப்புத் தண்ணீர்.

“அக்கா, கோவிக்காதேங்கோ” என்றாள். “போனமுறை எங்களை ஆரெண்டு நினைச்சனீங்கள்?”

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். “பைலோட வந்தனீங்கள் எல்லே? கிணறு அடிச்சுக் குடுக்கிற ஆக்கள் எண்டு நினைச்சிட்டம்.”

“அதுக்கு ஏன் கருங்கல் எண்டு சொன்னனீங்கள்?”

“மண் எண்டு சொன்னா, மண்வெட்டியால வெட்டுங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவினம் தங்கச்சி. கல்லெண்டாத்தான் மெசின் வரும். முந்தியும் ஒரு ஜீப் வந்து அப்பிடித்தான் எழுதிக்கொண்டு போனது. இந்த ரோட்டில இருக்கிற எல்லாரும் கல்லெண்டுதான் சொன்னவை. ஏன், உங்களுக்கு மண்ணே வேணும்?”

நான் மிளகாய்ப் பாயின் ஓரத்தில் குந்திவிட்டேன். என்னுடைய முகடு அந்த ஜீப் போன ரோட்டின் நீளத்துக்குத்தான் இருந்தது. கிராமங்கள் முழுவதும் சேர்ந்து இல்லாத கருங்கல்லை நிலத்துக்கடியில் உயர்த்திப் பிடித்திருந்தன, ஒரு மெசின் வரும் என்று. யுத்தத்துக்குப் பிறகு எத்தனை பேர் பைலோடு வந்தார்கள், எத்தனை கேள்வி கேட்டார்கள்! எந்தப் பதிலுக்கு என்ன கிடைக்கும் என்பது இந்தச் சனத்துக்கு மனப்பாடம். எனக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வோம். பைலை நான் பிடித்திருந்தபோது அதை மறந்துவிட்டேன்.

“எப்ப தெரியும் உனக்கு?” என்று திரும்பும் வழியில் கேட்டேன்.

“தெரியாது. தண்ணி எல்லா வீட்டிலயும் நல்லா இருந்திச்சு. கல்லுக்குள்ள இருந்து அப்பிடி வாறது குறைவு. அதுதான் யோசிச்சன்.”

“சொல்லியிருக்கலாமே!”

“நீ கேளாத எண்டனியே” என்றாள். சிரிக்காமல் சொன்னாள்; சிரிப்பை அடக்குகிறாள் என்று ஸ்கூட்டிக் கண்ணாடியில் தெரிந்தது.

கொழும்பிலிருந்து மூவர் தெரிவுக்கு வந்தார்கள். எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். நான் முகடு இருந்த துண்டை முழுவதுமாக எடுத்துவிட்டு, மிச்சப் புள்ளிகளை வைத்துக் கதைத்தேன். நன்றாகத்தான் கதைத்தேன். படுகை எப்படிப் பிறந்தது, கரை எப்படிச் சரிகிறது, ஆழக்கடலில் என்ன எதிர்பார்க்கலாம், எல்லாம். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

அடுத்தது அவள் உள்ளே போனாள். கதவுக்கு வெளியே வாங்கிலில் இருந்த எனக்கு முதலில் அமைதிதான் கேட்டது. பிறகு ஒரு சிரிப்பு. பிறகு மூன்று பேரும் சேர்ந்து வயிறு குலுங்கச் சிரிக்கிற சத்தம். அந்தச் சிரிப்பில் எனக்கு இடம் போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. நான் மறைத்துவைத்த துண்டை அவள் மேசையில் விரித்திருக்கிறாள். நாங்கள் ஒரு முகட்டைக் கண்டுபிடித்தோம், அது இப்படி விழுந்தது என்று அந்த அக்காவின் கதையைச் சொல்லியிருக்கிறாள். என் தோல்வியை எடுத்து, அதையே தன் திறமையாக்கிவிட்டாள் என்று கொதித்தேன்.

பிறகு அந்த மூவரில் ஒருவர் தேநீர் இடைவேளையில் என்னிடம் வந்து கை கொடுத்தார். “அந்த எண்ணமும் கோடுகளும் முழுக்க நீங்கள்தான் என்று உங்கள் தோழி சொன்னாரே. தான் தண்ணீர் குடித்தது மட்டும்தான் என்றார். இதை ஏன் எங்களிடம் நீங்கள் காட்டவில்லை?”

அவள் திருடியிருந்தால் வாழ்நாள் முழுவதும் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அந்த வசதியையும் அவள் எனக்குத் தரவில்லை.

இடம் அவளுக்குக் கிடைத்தது. செய்தி கேட்ட அன்று என் கையைப் பிடித்து, “உனக்குத்தான் கிடைச்சிருக்க வேணும்” என்றாள். நான் “ஓம்” என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது, கொஞ்சம் பிந்தி. அம்மா மட்டும், “அந்த மலைநாட்டுப் பிள்ளைக்கே குடுத்தவங்கள்?” என்று இழுத்தார். எனக்குச் சுருக்கென்றது. “அவளுக்குத்தான் குடுக்க வேணும்” என்று அம்மாவிடம் கத்தினேன். பொறாமைப்படுகிற உரிமை எனக்கு உண்டு. நாலு வருடம் பக்கத்தில் இருந்து சம்பாதித்தது. அம்மாவுக்கு அது இல்லை.

அவள் இப்போது கடல் கடந்து, இன்னொரு நாட்டின் அமைதியான ஓரத்தில், அதிர்வலைக் கோடுகளை வாசிக்கிறாள். அங்கே ஒரு பெரிய கூட்டத்தில் எல்லாரும் வாயு என்று சொன்ன ஒரு வெளிச்சப் புள்ளியைப் பார்த்துத் தலையைச் சரித்தாளாம், துளையிடுவதை நிறுத்திவைத்தார்களாம். சேர் பெருமையாகச் சொன்னார். நான் நெளுக்குளத்தில் ஒரு ரியூசனில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பிக்கிறேன். “மிஸ், கொஞ்சம் ஆறுதலாச் சொல்லுங்கோ” என்று பிள்ளைகள் கெஞ்சுகிறார்கள்.

ஆனால் முகடு இல்லை என்பதுதான் தெரிந்ததே தவிர, கரை எங்கே சரிகிறது என்பது இன்னும் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அதை நினைக்கும்போது எனக்குச் சோறு ருசிக்கிறது.

சேரிடம் விடாமல் கேட்டு, ஈர்ப்பு அளக்கும் கருவியை இரண்டு கிழமைக்கு இரவல் வாங்கியிருக்கிறேன். கருங்கல் பாரம்; அடையல் இலேசு. நெளுக்குளத்துக் கருங்கல்லில் தொடங்கி, வடக்கே மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என்று நின்று நின்று அளந்துகொண்டு போனால், பாறை தாழத் தொடங்குகிற இடத்தில் எண் குறையத் தொடங்க வேண்டும். கருவிக்கு மெசின் தேவையில்லை, வீட்டுத்திட்டம் தேவையில்லை; அது பொய் சொல்லாது. அத்தானின் வான் வண்டியையும் கேட்டுவிட்டேன்.

ஒரு சிக்கல்தான். அந்தக் கருவிக்குக் குலுக்கம் ஆகாது. உள்ளே இருப்பது மயிர் மாதிரியான ஒரு சுருள். வான் ஓடும்போது அதைத் தலையணைக்கு மேல் வைத்து, ஒருவர் மடியில் பிடித்துக்கொண்டு, பள்ளத்துக்குப் பள்ளம் உடம்பால் தாங்க வேண்டும். என் மடியில் வைத்து ஒருமுறை முறிகண்டி வரைக்கும் ஒத்திகை பார்த்தேன். வழியில் ஒரு மண் வெட்டின குழியைக் கண்டு எட்டிப் பார்த்ததில் எண் எங்கேயோ போய்விட்டது. அத்தான், “உனக்குப் பக்கத்தில ஆடாம இருக்கிற ஒரு சீவன் வேணும்” என்றார்.

அவள் அடுத்த மாதம் லீவில் தர்மபுரம் வருகிறாள். இன்று பின்னேரம் போன் எடுத்துக் கேட்கப்போகிறேன். இரண்டு நிபந்தனை சொல்வேன்: கருவி காட்டும் எண்ணை வாசிப்பது நான், கோடு கீறுவதும் நான். அவள் பெட்டியைப் பிடித்தால் போதும். உடனே சம்மதிப்பாள், எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை பேரம் பேசமாட்டாள். அதற்காகவும் அவள்மேல் இரண்டு நாள் எரிந்துகொண்டிருப்பேன். பிறகு விடியமுன் வானில் ஏறி, தலையணையை அவள் மடியில் வைத்து, நெளுக்குளத்திலிருந்து தொடங்குவோம்.